மரியாதை அடி

மாரியம்மன் துணை

கொல்லைமேடு, ஆண்டிமடம் தபால்
28 நவம்பர் 1946

அன்புள்ள அண்ணன் ராசாங்கத்துக்குத் தங்கை காத்தாயி எழுதிக்கொள்வது. நான், உங்கள் மாப்பிள்ளை, குழந்தை மலர்க்கொடி மூவரும் உயிரோடு இருக்கிறோம். சுகமா என்று கேட்டால், கடிதத்தைக் கடைசி வரை படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். கோலார்க் குளிர் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா? தங்கச் சுரங்கத்தில் வேலை பார்ப்பவர் கழுத்தில் ஒரு கம்பளித் துண்டாவது இருக்கிறதா?

நேற்றுப் பெரிய வீட்டிலிருந்து தலையாரி வந்தார். வாசலுக்கு வெளியே நின்றபடியே, "காணும் பொங்கலுக்கு இந்த வருசம் ஒன் வூட்டுக்காரன் மொறை. கம்புக்கு எண்ணெ போட்டு வச்சுக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் ஊரை விட்டுப் போய் ஒன்பது வருஷம் ஆகப்போகிறது. மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். ஏரிக்கரைத் திடலில் நம் தெரு ஆண்களும் பெரிய வீட்டு ஆண்களும் சிலம்பம் ஆடுவார்கள். கடைசி ஜோடி, பெரிய வீட்டுப் பிள்ளையும் நம் தெருவில் முறை வந்த வீட்டு ஆளும். மூன்று சுற்று ஆனதும் நம் ஆள் கம்பைத் தரையில் போட்டுவிட்டுக் குனிந்து தோளைக் காட்ட வேண்டும். அவன் ஓங்கி ஒன்று வைப்பான். அதற்குப் பெயர் மரியாதை அடி. மரியாதை யாருக்கு என்று இன்றுவரை எவனும் சொல்லவில்லை. பிறகு ஒரு வேட்டியைத் தூக்கிப் போடுவார்கள். வலியோடு அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

இப்போது அடிப்பவன் பெரிய வீட்டு அமிர்தலிங்கத்தின் மகன் வைரக்கண்ணு. திருச்சியில் படிக்கப் போனவன், படிப்பு ஏறாமல் தோளை மட்டும் வளர்த்துக்கொண்டு திரும்பியிருக்கிறான். போன வருஷம் அவன் வைத்த அடியில் வெள்ளைச்சாமி அண்ணனுக்குக் காறை எலும்பு முறிந்து, இன்றைக்கும் அவரால் மண்வெட்டி பிடிக்க முடியவில்லை. உங்கள் மாப்பிள்ளைக்கு இரண்டு கையும் வேண்டும். எங்களுக்கு வேறு சொத்து கிடையாது.

சுற்று வட்டாரத்தில் உங்களைப் போல் கம்பு பிடித்தவர் இல்லை என்று இன்னும் பேசுகிறார்கள். பொங்கலுக்கு வாருங்கள். வந்து இவர் இடத்தில் நின்று, அவன் கம்பைப் பறித்து ஏரியில் வீசுங்கள். எனக்கு வயிறு எரிகிறது.

பதிலை எதிர்பார்க்கும்,
காத்தாயி


திரிசரணம் துணை

மாரிக்குப்பம், கோலார் தங்கவயல்
9 டிசம்பர் 1946

தங்கை காத்தாயிக்கும் மாப்பிள்ளை பிச்சைமுத்துவுக்கும் குழந்தைக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும். நான் சுகம். கம்பளித் துண்டு இருக்கிறது.

பொங்கலுக்கு எனக்கு லீவு கிடைக்காது. ஆனால் மாப்பிள்ளைக்கு ஒன்று தர முடியும். இங்கே ஞாயிறுதோறும் பௌத்த சங்கத்தில் கூடுகிறோம். வந்து போகும் மூச்சைப் பார்த்தபடி சும்மா உட்காருவதுதான் வேலை. அப்பாவிடம் நான் கற்ற கம்பும் இதுவும் ஒரே பாடம் என்று இப்போது தெரிகிறது.

மாப்பிள்ளை விடியலில் எழுந்து நூறு மூச்சை எண்ணட்டும். ஏர் ஓட்டும்போது கால் மண்ணில் படுவதை அறிந்து நடக்கட்டும். சாப்பிடும்போது சாப்பாட்டில் மட்டும் மனம் இருக்கட்டும். கம்பு எடுத்தால் எதிராளியின் கம்பைப் பார்க்க வேண்டாம், தோளைப் பார்க்க வேண்டும். எந்த வீச்சும் முதலில் தோளில்தான் தெரியும். கோபம் வந்தால் அதைத் துரத்தவும் வேண்டாம், அதன் பின்னால் ஓடவும் வேண்டாம். "வந்திருக்கிறது" என்று மனதில் குறித்துக்கொண்டு விட்டுவிடட்டும். எத்தனை தடவை வந்தது என்று சாயங்காலம் உன்னிடம் சொல்லட்டும். நீயும் செய்து பார், உனக்குத்தான் அதிகம் தேவைப்படும்.

அன்பும் கருணையும் நிறைக.
ராசாங்கம்


மாரியம்மன் துணை

கொல்லைமேடு
20 டிசம்பர் 1946

அண்ணனுக்கு வணக்கம். குழந்தைக்கு மார்ச்சளி, கஷாயம் கொடுத்துக் குறைந்திருக்கிறது. நீங்கள் சுகமாக இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது.

நான் ஆளை அனுப்பச் சொன்னேன். நீங்கள் மூச்சை அனுப்பியிருக்கிறீர்கள்!

உங்கள் மாப்பிள்ளை ஒரு எழுத்து விடாமல் செய்கிறார். ஏர் ஓட்டுகிறவர் ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைப்பதைக் கண்டு, பெரிய வீட்டுக் காரியக்காரர் காலில் முள்ளா என்று கேட்டாராம். சாப்பாட்டில் மனம் வைத்து அவர் மென்று முடிப்பதற்குள் நான் பாத்திரம் கழுவி, குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வந்துவிடுகிறேன். சாயங்காலம் வந்து, "இன்னிக்கு நாலு தடவ வந்துச்சு காத்தாயி, நாலையும் பாத்துட்டேன்" என்கிறார், வீட்டுக்கு விருந்தாளி வந்ததைப் போல. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இருட்டுகிற வேளையில் கொல்லையில் கம்பு சுற்றுகிறார். கை முன்பு மாதிரி பதறுவதில்லை.

நானும் நடவு நடும்போது செய்து பார்த்தேன். குனிந்த நேரத்திலிருந்து நிமிர்ந்த நேரம் வரை எனக்கு ஒரே கோபம்தான் வந்தது. அது போகவே இல்லை, பிறகு எதை எண்ணுவது?

இன்னொன்று. நீங்கள் கோலாருக்குப் போன வருஷமும் நம் வீட்டு முறைதான், நீங்கள்தான் நிற்க வேண்டியிருந்தது. போகிப் பண்டிகையன்று வேலைக்கு உத்தரவு வந்துவிட்டதென்று அவசரமாகக் கிளம்பினீர்கள். உங்கள் இடத்தில் அப்பா நின்றார். கழுத்தோரம் விழுந்த அந்த அடிக்குப் பிறகு அவருடைய வலது கை மேலே எழவில்லை. அடுத்த மழைக்காலத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. நாலு நாள் கழித்து வருகிறேன் என்று அந்தக் கம்பெனிக்குச் சொல்லியிருக்க முடியாதா? இதை உங்களிடம் இதுவரை நான் கேட்டதில்லை. இப்போது கேட்கத் தோன்றுகிறது.

காத்தாயி


திரிசரணம் துணை

மாரிக்குப்பம்
3 ஜனவரி 1947

தங்கைக்கு, நலம். குழந்தைக்குச் சளி விட்டதா? தூதுவளை கொடு.

மாப்பிள்ளை செய்வது சந்தோஷம். திடலில் அவர் ஒருவரையும் அடிக்க வேண்டாம், குனியவும் வேண்டாம். மூன்று சுற்று முடிந்த பிறகும் தடுத்துக்கொண்டே இருக்கட்டும். தடுப்பதைக் குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லாது.

பஞ்சசீலத்தைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கொல்லாமை, களவு செய்யாமை, பிறன்மனை நாடாமை, பொய் சொல்லாமை, கள் அருந்தாமை. இவை ஐந்தையும் பொங்கலுக்கு முன்பே எடுத்துக்கொண்டால் அவருக்குப் பலம் கூடும்.

நீ கேட்டது பழைய விஷயம். இப்போது நடக்க வேண்டியதைப் பார்ப்போம்.

ராசாங்கம்


மாரியம்மன் துணை

கொல்லைமேடு
19 ஜனவரி 1947

அண்ணனுக்கு, சுகம் விசாரிக்க எனக்கு நேரமில்லை. நீங்கள் நன்றாகத்தான் இருப்பீர்கள்.

உங்கள் மாப்பிள்ளை குனியவில்லை!

மூன்று சுற்று முடிந்தது. இவர் கம்பைக் கீழே போடவில்லை. வைரக்கண்ணு, "போடுடா" என்றான். இவர், "ஆடுங்க, ஆண்டை" என்றார், சாப்பிட வாங்க என்று கூப்பிடுகிற குரலில். அவன் வீசினான், இவர் தடுத்தார். காலுக்கு வீசினான், தடுத்தார். தலைக்கு வீசினான், அதையும் தடுத்தார். பொழுது ஏரிக்கு அந்தப் பக்கம் சாய்கிற வரை அப்படியே நடந்தது. இவர் ஒரு வீச்சுகூடத் திருப்பி வீசவில்லை, அண்ணே. நாங்கள் பெண்கள் கரைமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளைச்சாமி அண்ணன் பெண்சாதி என் கையைப் பிடித்த பிடியில் இரண்டு வளையல் உடைந்தது.

கடைசியில் அவன் இரண்டு கையாலும் முழு மூச்சோடு சுழற்றிக்கொண்டு வந்தான். இவர் ஒரு காலடி விலகினார். அவன் தன் வேகத்திலேயே சுழன்று, மதகுக் கல்மேல் போய் விழுந்தான். மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஓடிப்போய்த் தூக்கியதும் இவர்தான்.

அந்தச் சந்தோஷம் ஒரு ராத்திரிகூட நிற்கவில்லை. மறுநாள் காலையில் போலீஸ் வந்தது. தூக்கிவிட்ட கையே அடித்து முறித்ததாக அமிர்தலிங்கம் எழுதிக் கொடுத்திருக்கிறான். இவரைப் பிடித்துக்கொண்டு போய், இப்போது ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். பெரம்பலூரிலிருந்து ஒரு வக்கீல் கட்டணம் வாங்காமல் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் எங்களைக் கூப்பிட்டு, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். அடிச்சியான்னா இல்லன்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தெறக்காத" என்று படித்துப் படித்துச் சொன்னார்.

ஒருவன் தானே விழுந்ததற்கு இன்னொருவன் கோர்ட்டு ஏற வேண்டும். இதற்கு உங்கள் சங்கத்தில் என்ன சொல்கிறார்கள்?

காத்தாயி


திரிசரணம் துணை

மாரிக்குப்பம்
30 ஜனவரி 1947

தங்கைக்கு, எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைச் சங்கத்தில் எல்லோருக்கும் வாசித்தேன். கண் கலங்காதவர்கள் இல்லை. அடிக்காமல், குனியாமல் நின்ற ஒரு மனிதர் எங்கள் மாப்பிள்ளை என்று பெருமையாகச் சொன்னேன்.

கோர்ட்டுக்குப் பயப்பட வேண்டாம். நாலாவது சீலத்தை அவர் விடாமல் பிடித்துக்கொள்ளட்டும். கேட்டதற்கெல்லாம் உண்மையைச் சொல்லட்டும். உண்மை சொன்னவனுக்குக் கெடுதல் வராது.

ராசாங்கம்


கொல்லைமேடு
14 மார்ச் 1947

அண்ணனுக்கு,

உங்கள் மாப்பிள்ளைக்கு மூன்று மாதம் கடுங்காவல். திங்கட்கிழமை கொண்டுபோய்விட்டார்கள். உங்கள் உண்மை இவ்வளவு வேலை செய்திருக்கிறது.

நடந்ததைக் கேளுங்கள். அடித்தாயா என்று கேட்டார்கள். இல்லீங்க என்றார். நம் தெருவிலிருந்து ஒன்பது பேர் அதையே சாட்சி சொன்னார்கள். பெரம்பலூர் வக்கீல் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது பெரிய வீட்டு வக்கீல் எழுந்து, கிண்டலாகத்தான், "அவ்வளவு நேரம் அடி விழுந்திருக்கு. திருப்பி அடிக்கணும்னு ஒனக்கு மனசுலகூட வரலியாப்பா?" என்று கேட்டார். எந்த மனிதனும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போவான். மாடு மேய்க்கிற பையனுக்குக்கூட அந்தப் புத்தி இருக்கும்.

இவர் விரலை மடக்கினார். எண்ணிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "வந்துச்சுங்க. ஏழு தடவ வந்துச்சு. ஏழு தடவையும் அவரு விலாப்பக்கம் தெறந்து கெடந்துச்சு, அடிச்சிருக்கலாம். பாத்துட்டு விட்டுட்டேங்க" என்றார்.

கோர்ட்டே சிரித்தது. அடிக்கும் எண்ணம் ஏழு முறை இருந்ததை குற்றம் சாட்டப்பட்டவனே தன் வாயால் ஒப்புக்கொண்டான் என்று தீர்ப்பில் எழுதிவிட்டார்கள். மணிக்கட்டு எப்படி முறிந்தது என்று அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. நினைத்ததற்கு மூன்று மாதம்! அடித்து எலும்பை முறித்தவனுக்குப் போன வருஷம் மாலை போட்டார்கள்.

வெளியே வந்ததும், விலங்கோடு நின்றுகொண்டு என்னிடம், "மச்சான் சொன்ன மாதிரி சொல்லிட்டேன்ல?" என்று கேட்கிறார்.

மனதில் வருவதையெல்லாம் எண்ணச் சொன்னது நீ. பொய் சொல்லாதே என்றது நீ. முந்நூறு மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு மூச்சைப் பார்க்கிற உனக்கு இந்தக் கோர்ட்டு என்ன, அமிர்தலிங்கம் என்ன? நீ என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தப் போவதில்லை.

பதில் எழுது. இந்தத் தடவை சீலம் எழுதாதே. அந்தப் போகியன்று என்ன நடந்தது என்று எழுது.

காத்தாயி


கொல்லைமேடு
25 ஏப்ரல் 1947

அண்ணனுக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு கார்டுகூட இல்லை. தபால்காரர் என்னைத் தூரத்தில் கண்டதுமே தலையாட்டிவிட்டுப் போகிறார்.

பெரிய வீட்டில் எனக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆண்டிமடம் பக்கம் முந்திரி பொறுக்கப் போகிறேன். மலர்க்கொடி என்னோடு நடந்து வருகிறாள். கால் வலிக்கிறது என்று அவள் சொல்வதில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதையாவது எழுது.

காத்தாயி


திரிசரணம் துணை

மாரிக்குப்பம்
2 ஜூன் 1947

தங்கைக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. எழுத உட்கார்ந்த நாளெல்லாம் "நலம், நலமறிய ஆவல்" என்ற வரிக்கு மேல் என்னால் போக முடியவில்லை. இரண்டு மாதத்துக்கு மேலாக மூச்சைப் பார்க்க உட்காரும்போதெல்லாம் எனக்கு மூச்சு தெரியவில்லை, அப்பா தெரிகிறார்.

எந்தக் கம்பெனியிலிருந்தும் எனக்கு உத்தரவு வரவில்லை. அப்படி ஒரு கடிதமே கிடையாது. போகியன்று காலையில் மூட்டையைக் கட்டிக்கொண்டு அரியலூருக்கு நடந்து, முதலில் வந்த ரயிலில் ஏறிவிட்டேன். கோலாரில் வேலை கிடைத்ததே மூன்று மாதம் கழித்துத்தான்.

அடிக்குப் பயந்து போனேன் என்று நினைக்காதே. அந்த அடியை என்னால் தடுக்க முடியும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தடுத்தால் பிறகு என்ன நடக்கும் என்பதும் தெரியும். போலீஸ், கோர்ட்டு, ஜெயில், வேலை போவது. மாப்பிள்ளைக்கு நடந்ததெல்லாம் எனக்கு நடக்க வேண்டியது. அதற்குப் பயந்தேன். நான் இல்லாவிட்டால் அப்பா நிற்க வேண்டிவரும் என்பது ரயில் ஏறும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஏறினேன். ஒன்பது வருஷமாக உன்னிடம் பொய் சொல்லிவிட்டு, பொய் சொல்லாமை என்று அவருக்கு எழுதி அனுப்பினேன்.

என்னை மன்னித்துவிடு. வருகிற பொங்கலுக்கு வேலையை விட்டுவிட்டு வருகிறேன். மாப்பிள்ளைக்குப் பதில் நான் திடலில் நிற்கிறேன். கம்பைக் கீழே வைத்து, குனிந்து, எனக்கு வர வேண்டிய அடியை வாங்கிக்கொள்கிறேன். அதோடு என் பாரம் தீரட்டும்.

உன் அண்ணன் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்படும்,
ராசாங்கம்


மாரியம்மன் துணை

கொல்லைமேடு
20 ஜூன் 1947

அண்ணனுக்குக் காத்தாயி எழுதுவது. உன் மாப்பிள்ளை போன வாரம் வந்து சேர்ந்தார். பாதி ஆளாக வந்திருக்கிறார். மலர்க்கொடி அடையாளம் தெரியாமல் என் புடவைக்குள் ஒளிந்துகொண்டாள். இப்போது அவர் மடியை விட்டு இறங்குவதில்லை.

உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "பாவம் மச்சான். ஒம்பது வருசமா நல்லாத் தூங்கியிருக்க மாட்டாரு" என்றார். அவர் சுபாவம் அப்படி. எனக்கு அவ்வளவு நல்ல மனசு கிடையாது. அன்றைக்கு அப்பா திடலுக்குப் போகும் முன்னால், "ராசாங்கம் ஊர்ல இல்லாததும் நல்லதுதான், அவனுக்குக் கோவம் ஜாஸ்தி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். ராத்திரி முழுக்க அந்தத் தோளுக்கு நான் ஒத்தடம் கொடுத்தேன். அவருக்கு நீ செய்ததை நான் எப்படி மன்னிப்பது? அதற்கு எனக்கு உரிமை இல்லை. அவரிடம்தான் கேட்டிருக்க வேண்டும், காலம் போய்விட்டது. நீ ஓடிப்போனதற்குக்கூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. பயம் எல்லோருக்கும் வருவதுதான். உன் கடிதத்தின் கடைசிப் பாராவைப் படித்ததும்தான் கிழித்து அடுப்பில் போடலாமா என்று இருந்தது.

வந்து குனிகிறாயாம், அடி வாங்குகிறாயாம், பாரம் தீருமாம். யாருடைய பாரம்? உன் மனம் லேசாவதற்காக எங்கள் திடலில் மறுபடி ஒருவன் குனிய வேண்டுமா? இந்த மனிதர் பொழுது சாய்கிற வரை நிமிர்ந்து நின்றாரே, அதற்காக ஜெயிலில் கல் உடைத்தாரே, அதை நீ ஒரு நிமிஷத்தில் குனிந்து அழிக்கப் பார்க்கிறாய். நீ குனிந்தால் அதற்கு அடுத்த வருஷம் யாரைக் கூப்பிடுவார்கள் என்று யோசித்தாயா?

அவர் வந்த மறுநாளே தலையாரி வந்து நின்றார். "வர்ற பொங்கலுக்கும் ஒன் வூட்டுக்காரன்தான். போன வருசத்துக்கும் சேத்து ரெண்டடின்னு ஆண்டை சொல்லிட்டாரு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. வந்ததைப் பார்த்தேன், நீ எழுதியபடியேதான். விடவில்லை. விட எனக்கு இஷ்டமில்லை. குரல் ஏறாமல், "இந்தத் தெருவுலேருந்து இனிமே யாரும் வர மாட்டாங்க. எந்த வூடும் வராதுன்னு போய்ச் சொல்லுங்க" என்றேன். என் பின்னால் வெள்ளைச்சாமி அண்ணன் பெண்சாதி வந்து நின்றாள். பிறகு ஒவ்வொரு வாசலிலும் ஆள் வந்து நின்றது. தலையாரி திரும்பிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து தெரு முழுவதற்கும் பெரிய வீட்டு வயலில் வேலை இல்லை. கடலைக் கொல்லைக்கு ஆண்டிமடம் வரை நடக்கிறோம். பொங்கலுக்குள் இன்னும் என்னென்ன செய்வார்களோ தெரியாது. அதனால் உனக்குக் கடைசியாகச் சொல்கிறேன். அடி வாங்குகிற ஆள் இந்தத் தெருவில் இனிமேல் கிடையாது, நீயும் வாங்கக் கூடாது. எங்களோடு நிற்க ஒரு ஆள் வேண்டும். அதற்கு வருவதானால் பொங்கல் வரை உட்கார்ந்திருக்காதே, இந்த வாரமே புறப்படு. அரியலூர் ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். பார்த்ததும் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். எல்லாவற்றையும் நின்று கேட்டுவிட்டு, என்னோடு வீட்டுக்கு வா.

உன் தங்கை,
காத்தாயி